கன்னத்துக் காய்ச்சல்

நம்புறவங்க நம்புங்க, நம்பாதவங்க அப்படியே நடந்து போயிட்டே இருங்க, கையைப் பிடிச்சு நிறுத்தி நம்ப வைக்கிற வேலை எனக்கு இல்ல. எனக்கு இருக்கிற ஒரே வேலை, தூத்துக்குடியில கடலைப் பாத்துக் கெடக்கிற ஒரு இறால் கம்பெனி வாசல்ல, காலையில ஏழரை மணியில இருந்து எட்டு மணி வரைக்கும், உள்ள போற முந்நூத்திப் பதினாலு பொம்பளைகளோட மூஞ்சியையும் கேமராவில பாத்து, காய்ச்சல் இருக்கா இல்லையான்னு சொல்லுறது. என் பேரு பிரகாசி. அப்படிக் கேட்டா இங்க யாருக்கும் தெரியாது, கேமராக்காரின்னு கேக்கணும். கொரோனா வந்த வருஷம் அந்தக் கேமராவைக் கொண்டாந்து மாட்டினாவ, கொரோனா போயிட்டு, கேமரா போகலை, ஏன்னா நாங்க உரிச்சு அனுப்புற இறாலைத் திங்கிற வெளிநாட்டுக்காரனுக்கு, உரிக்கிறவளுக்குக் காய்ச்சல் இருக்கக் கூடாதாம். உரிக்கிறவ வீட்டுல யாருக்குக் காய்ச்சல்னு அவன் கேக்கலை.

கேமரா பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு தேங்கா அளவு இருக்கும். எதுத்த சுவத்துல ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, அது எந்நேரமும் ஒரே சூட்டுல இருக்கும், அதைப் பாத்துப் பாத்துத்தான் கேமரா தன் தப்பைத் திருத்திக்கிடும். என் மேசை மேல டிவி மாதிரி ஒரு ஸ்கிரீன். அதுல மூஞ்சி மூஞ்சியாத் தெரியாது, சூடான இடம் சிவப்பா மஞ்சளா, ஆறின இடம் நீலமாத் தெரியும். மூக்கு நுனி எல்லாருக்கும் நீலம், கண்ணோட உள்மூலை எல்லாருக்கும் சிவப்பு, கண்ணாடி போட்டவளுக்குக் கண்ணு இருக்கிற இடத்துல ரெண்டு கறுப்புக் குழி. கேமரா அந்தக் கண் மூலையைத்தான் முதல்ல பாக்கும், பிறகு மூஞ்சி முழுக்கத் தேடும், எங்கயாவது முப்பத்தேழரைக்கு மேல இருந்துச்சுன்னா கீ கீன்னு கத்தும், லைட்டு சிவப்பா எரியும். இத்தனை வருஷமா இதைப் பாத்துப் பாத்து எனக்கு ஆளுகளோட நிறமே மறந்து போயிட்டு, சூடுதான் ஞாபகம் இருக்கு. வர்ற வழியில அழுதுட்டு வந்தவ கன்னத்துல ரெண்டு நீலக் கோடு ஓடும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது புருஷன்கிட்ட அறை வாங்கிட்டு வந்தவ கன்னத்துல அஞ்சு விரலும் சிவப்பா நிக்கும். நான் அவளைப் பாப்பேன், அவ என்னைப் பாப்பா, "ஏட்டி, உள்ள போ"ன்னு சொல்லுவேன், போயிருவா. கேக்கிறதுக்கு நான் யாரு.

அப்படிக் கையடையாளம் பாத்துப் பழகினவதான் நான். அதனால, இங்க இறால் உரிக்கிற அமலி, தன் பிள்ளையை அடக்கம் பண்ணின பதினோராம் நாள் வேலைக்கு வந்து கேமரா முன்னாடி நின்னு, மிஷினு கீ கீன்னு கத்தி, ஸ்கிரீன்ல அவ இடது கன்னத்துல ஒரு கை சிவப்பாத் தெரிஞ்சப்போ, முதல்ல அவ புருஷன் கிளாட்வின்தான் அடிச்சுட்டான்னு நெனச்சேன், நாசமாப் போறவன், பிள்ளையைப் பறிகொடுத்தவளை அடிக்க எப்படிடா கை வந்துச்சுன்னு வாய்க்குள்ளயே திட்டினேன். அப்புறம்தான், கிளாட்வின் போட்ல போயி கடல்ல இருக்கான்னு ஞாபகம் வந்துச்சு. அப்புறம்தான் கையைச் சரியாப் பாத்தேன். சின்னக் கை. பெருவிரல் அவ உதட்டோரத்துல இருக்கு, மத்த நாலும் காதைப் பாத்து நீண்டு கெடக்கு. அறைஞ்ச கை இல்ல, பிடிச்சிருக்கிற கை. கைக்குப் பக்கத்துல மிஷினு முப்பத்தொன்பது புள்ளி நாலுன்னு எழுதியிருந்துச்சு.

லென்ஸைத் துடைச்சேன். கறுப்புப் பெட்டியைத் துடைச்சேன். அமலியை முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுட்டு வந்து நிக்கச் சொன்னேன். கை இருந்துச்சு. சரி, பிள்ளை இன்னும் கையை எடுக்கலை போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

வரிசையில பின்னாடி நின்ன அருள்மணி அக்கா சத்தம் போட்டா. இருபத்திரெண்டு வருஷமா இறால் உரிக்கிறவ, ஹாலுக்கே பெரியவ அவதான். "ஏட்டி பிரகாசி, என்ன அங்கன? பெல் அடிக்கப் போறான்!"

"அமலி பிள்ளை வந்திருக்குக்கா."

"எங்க?"

"கன்னத்துல."

அருள்மணி அக்கா முன்னாடி வந்து ஸ்கிரீனை எட்டிப் பாத்தா, "ஆமா, டெலிஷாதான், அந்தச் சுண்டுவிரல் கொஞ்சம் வளைஞ்சிருக்கும்"ன்னா, நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டா, "சரி சரி, மத்தவளுகளை விடு, நேரமாவுது"ன்னு சொல்லிட்டுத் திரும்ப வரிசையில போயி நின்னுக்கிட்டா. அமலி மட்டும் ஸ்கிரீனை விட்டு நகரலை. ஒரு சொட்டுத் தண்ணி அவ கண்ணுல இல்ல, கையை மட்டும் கொண்டு போயி ஸ்கிரீன்ல இருந்த அந்தச் சிவப்பைத் தொட்டா. கண்ணாடி சில்லுன்னு இருந்திருக்கும், வேற என்ன.

கம்பெனி முதல்ல ரெண்டு நாள் அவளைத் திருப்பி அனுப்பிச்சு. நர்ஸம்மா நாக்குக்கு அடியில கண்ணாடிக் குழல் வச்சுப் பாத்து முப்பத்தாறு புள்ளி ஏழுதான்னு எழுதிக் கொடுத்தும், மேனேஜர் சார், "ஸ்கிரீன்ல சிவப்புன்னா சிவப்புத்தான், ஆடிட்டுக்கு வர்றவன் நாக்கையா பாப்பான்?"ன்னுட்டாரு. சென்னையில இருந்து ஒரு பையன் லேப்டாப்போட வந்து அரை நாள் நோண்டினான், தன் கன்னத்துல தானே கையை வச்சு எடுத்துப் பாத்தான், அவன் கையடையாளம் ஒண்ணு ரெண்டு எண்ணுறதுக்குள்ள ஆறிப் போயிட்டு, அமலி கன்னத்துக் கை ஆறலை, "மேடம், இதுக்கு எங்க சாஃப்ட்வேர்ல ஒண்ணும் இல்ல"ன்னு ரொம்ப மரியாதையாச் சொல்லிட்டு, டீயைக் குடிச்சுட்டு பஸ் ஏறிட்டான். மூணாம் நாள் காலையில பொம்பளைக ஒருத்தியும் உள்ள போகலை. கோஷம் இல்ல, கொடி இல்ல, சும்மா வாசல்லயே நின்னாவ, உள்ள ரெண்டு டன் இறால் ஐஸுக்குள்ள கெடந்து ஐஸ் உருகிக்கிட்டு இருந்துச்சு, இருபது நிமிஷம் ஆகலை, மேனேஜர் சார் வேர்த்து விறுவிறுத்து ஒரு பேப்பரோட ஓடி வந்தாரு. அதுல, 'தொழிலாளி எண் 118 அமலோற்பவம், இடது கன்னம் நீங்கலாகச் சோதிக்கப்பட வேண்டும்'னு டைப் அடிச்சு, சீல் வச்சு, கையெழுத்தும் போட்டிருந்துச்சு. அதோட அந்தப் பிரச்சினை தீந்துட்டு. சீல் வச்ச பிறகு எதுவும் அதிசயம் இல்ல பாருங்க.

அப்புறம் அது எங்களுக்குப் பழகிட்டு. காலையில வர்றவளுக எல்லாம் வாசல்லயே, "டெலிஷா வந்தாச்சா?"ன்னு கேட்டுக்கிட்டுத்தான் செருப்பைக் கழத்துவாவ. ஒருத்தி அவளுக்கு வளையல் வாங்கிட்டு வந்து எங்க போடுறதுன்னு தெரியாம முழிச்சா. ஒருத்தி மேசையில மெழுகுவத்தி ஏத்தி வச்சா, "இது இறால் கம்பெனியா மாதா கோயிலா, சூடு பட்டா கேமரா பைத்தியம் பிடிச்சுக் கத்தும், எடுட்டி அதை"ன்னு நான் வெரட்டினேன். பங்குச்சாமி வந்தாவ, கண்ணாடியைக் கழத்தித் துடைச்சுப் போட்டு ரொம்ப நேரம் பாத்தாவ, "இதைப் பத்திப் பிரசங்கத்துல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நீங்களும் ஆயருக்கு ஒண்ணும் எழுதாதீங்க"ன்னு சொல்லிட்டு, போகும்போது அந்தக் கன்னத்துக்குப் பக்கத்துல காத்துல ஒரு சின்னச் சிலுவை போட்டுட்டுப் போனாவ. விரல் கொஞ்சம் அசையும், தூங்குற பிள்ளை விரல் அசையுமே அப்படி. அன்னைக்கு முழுக்க ஹால்ல அதே பேச்சா இருக்கும், பெருவிரல் அசைஞ்சுதா சுண்டுவிரல் அசைஞ்சுதான்னு.

எல்லாரும் நல்ல மனசோடதான் இருந்தாவன்னு பொய் சொல்ல மாட்டேன். அருள்மணி அக்கா புருஷன் கடலுக்குப் போனவிய பதினோரு வருஷமா வரலை. ஒருநாள் எல்லாரும் உள்ள போன பிறகு அவ தனியா வந்து, "எனக்கும் பாரு"ன்னா. இடது கன்னம், வலது கன்னம், நெத்தி, கழுத்து, தோள்பட்டை வரைக்கும் சேலையை வெலக்கிக் காட்டினா. ஒண்ணும் இல்ல. எல்லாம் ஒரே மஞ்சள். "அவிய எப்பவும் கையைப் பின்னால கட்டிக்கிட்டுத்தான் நடப்பாவ"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா, சொல்லிட்டு, வெலக்கின சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு உள்ள போயிட்டா. வீட்டுல ஆளைப் பறிகொடுத்த எல்லாரும் அப்படி ஒருக்க வந்து நின்னாவ. ஒருத்திக்கும் ஒண்ணும் தெரியலை. அப்போ அமலியைப் பாத்த பார்வையில கொஞ்சம் பொறாமை இருந்துச்சு, சேசுவே, பிள்ளையைக் குழியில வச்சவளைப் பாத்துப் பொறாமை.

அமலிக்குத்தான் ஒரு சுகமும் இல்ல. ஏழு மணிக்கே வந்துருவா. நான் ஸ்கிரீனை அவ பக்கம் திருப்பி வைப்பேன், அவ கேமரா முன்னாடி ஸ்டூலைப் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேக்கா," ஒருநாள் சொன்னா. "சூடு தெரியலை, பாரம் தெரியலை. வீட்டுல கண்ணாடியில பாத்தா வெறும் கன்னம். தொட்டா என் தோலு. இங்க வந்து பாத்தாத்தான் எம்பிள்ளை என்னைப் பிடிச்சிருக்கான்னே தெரியுது. இந்த மிஷினு இல்லன்னா நான் என்ன செய்வேன்?"

"மிஷினு எங்கயும் போகாதுட்டி."

"அவ போயிட்டான்னா?"

அன்னைக்கே எனக்குப் புரிஞ்சு போச்சு, இவ உயிரு இப்போ அந்தக் கையில தொங்குது, அது இருக்கிற வரைக்கும் இவ சோறு திம்பா, தலை சீவுவா, இல்லன்னா இல்ல.

கிளாட்வின் கரைக்கு வந்ததும் நேரா வாசலுக்குத்தான் வந்தான், குளிக்கக்கூட இல்ல, உடம்பெல்லாம் டீசல் நாத்தம். பிள்ளை செத்ததையே அவனுக்கு வயர்லெஸ்லதான் சொன்னாவ, கடைசியா மூஞ்சி பாக்கக் குடுத்து வைக்கலை. அமலியை நிக்க வச்சு ஸ்கிரீனைப் பாத்தான். பாத்துட்டு, தன்னோட பெரிய கையை எடுத்து அவ கன்னத்துல, அந்தச் சின்னக் கை மேல வச்சான், வச்சுக்கிட்டே நின்னான், நாங்க எல்லாரும் வேற பக்கம் பாத்தோம். கையை எடுத்தப்போ ஸ்கிரீன்ல அவன் கைதான் பெருசாத் தெரிஞ்சுது, கொஞ்சம் கொஞ்சமா மங்கி, மஞ்சளாகி, போயிட்டு. அடியில சின்னக் கை அப்படியே கெடந்துச்சு, சிவப்பா. "என் கன்னத்தையும் பாருங்கக்கா"ன்னான். பாத்தேன். ஒண்ணும் இல்ல. ரெண்டு தடவை பாத்தேன்.

"அவ உன்னைத்தான் பிடிச்சா,"ன்னு அமலிகிட்ட மெதுவாச் சொன்னான். "போகாதம்மான்னுதானே பிடிச்சிருப்பா."

அவ்வளவுதான் சொன்னான். சத்தம் போட்டிருந்தாக்கூட அவ தாங்கியிருப்பா. அடுத்த வாரமே இன்னும் தூரத்துக்குப் போற போட்ல ஏறிப் போயிட்டான், அதுக்கப்புறம் வாசல் பக்கமே வரலை.

இப்போ நான் ஒண்ணு சொல்லணும், சொல்லாம இந்தக் கதையை நான் சொல்லி முடிச்சா எனக்கு நல்ல சாவு வராது. பிள்ளை செத்த அன்னைக்குக் காலையில, எட்டு அடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போது அமலி ஓடி வந்தா. அவ வீடு கம்பெனி மதிலுக்குப் பின்னாடிதான். கேமரா கத்திச்சு, இடது கன்னம் முப்பத்தேழு புள்ளி எட்டு. "பிள்ளைக்கு நல்ல காய்ச்சல்க்கா, என் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டா, பிச்சு எடுத்துப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வாரேன்"ன்னு சொல்லிட்டு அப்படியே நின்னா. எங்க கம்பெனியில ஒரு சட்டம் உண்டு: நீயா லீவு போட்டா, மாசத்துல மூணாவது லீவுல பேரை வெட்டிருவான், வீட்டுல சாவு விழுந்தாத்தான் கணக்குல சேக்க மாட்டான், கேமரா சிவப்புக் காட்டித் திருப்பி அனுப்பிச்சுன்னா வெட்ட மாட்டான். அமலி அந்த மாசம் ரெண்டு லீவு போட்டிருந்தா. இங்க எல்லாருக்கும் சிவப்புன்னாப் பயம், வெயில்ல நடந்து வந்து சூடாயிட்டவளுக எல்லாம், "எக்கா விடுக்கா"ன்னு கெஞ்சுவாவ, நான் குழாயைக் காட்டி, "மூஞ்சியைக் கழுவிட்டு வா"ன்னு சொல்லுவேன், கழுவினா பச்சை வந்துரும், அது நான் எல்லாருக்கும் செய்யுற உதவி. அன்னைக்கும் அதைத்தான் சொன்னேன். அவ ஒரு நிமிஷம் குழாயைப் பாத்தா, என்னைப் பாத்தா, வாயைத் திறக்கலை. "என்னட்டி மரம் மாதிரி நிக்க, சீக்கிரம் போ"ன்னு வெரட்டினேன். போயிக் கழுவினா. முப்பத்தாறு புள்ளி ஒம்போது. பச்சை. உள்ள போயிட்டா.

அவ திருப்பி அனுப்புன்னுதான் நின்னிருக்கா. வாய் விட்டுக் கேக்க முடியாது, பின்னாடி இன்னும் ஆளு நிக்காவ, கேட்டா அது லீவு ஆயிரும். அது எனக்குப் புரியலை. பதினொரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி இழுப்பு வந்துச்சு, பக்கத்து வீட்டுக்காரி ஆட்டோவில தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினா, வழியில இருக்கிற பாலம் ஏறுறதுக்கு முன்னாடியே உயிரு போயிட்டு. உள்ள போன் கொண்டு போகக் கூடாது, அமலிக்குச் சேதி போகும்போது மணி ஒண்ணு. இதைப் பத்தி அமலி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல. கேட்டிருக்கலாம்.

கை வந்து நாப்பது நாள் இருக்கும், சூடு இறங்க ஆரம்பிச்சுது. முப்பத்தொன்பது புள்ளி நாலு இருந்தது மூணாச்சு, ரெண்டு நாள் கழிச்சு ஒண்ணாச்சு. நான் மறைச்சுப் பாத்தேன், அவளுக்கா தெரியாது? "நேத்தை விட மங்கலா இருக்கேக்கா"ன்னா. கன்னத்துச் சூடும் கைச் சூடும் ஒண்ணாயிட்டா, கை அங்க இருந்தாலும் கேமராவுக்குத் தெரியாது. அமலி சோறு எறக்கலை. டிபன் பாக்ஸைத் திறந்து வச்சுக்கிட்டு மூடிருவா. மத்தியானம் ஹால்ல எல்லாரும் சுத்தி உக்காந்து யோசிச்சோம். அருள்மணி அக்கா, "கெட ஆரம்பிச்சிருக்கு"ன்னா. வேற யாரும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டாவ, நாங்க இறாலுக்குச் சொல்லுற வார்த்தை அது.

இறால் கம்பெனிக்காரிகளுக்கு என்ன தெரியும்? ஐஸ் தெரியும். கடல்ல இருந்து வந்த சரக்குக்கு அடியில ஐஸ், மேல ஐஸ், நடுவுல ஐஸ்; ஐஸ்ல கெடக்கிற வரைக்கும் எதுவும் கெடாது, ஐஸ் தீந்தா எல்லாம் தீந்துச்சு; இதை இருபது வருஷமா விரல் மரத்துப் போயிப் போயிக் கத்துக்கிட்டவளுக நாங்க, எங்க நகக்கண்ணுல இருக்கிற அறிவு அது. அதனால, "ஐஸ்ல வைப்போம்"னு நான் சொன்னப்போ ஒருத்தியும் மறுத்துப் பேசலை. நான்தான் சொன்னேன். இதையும் நான்தான் சொன்னேன்.

அமலி உடனே சம்மதிச்சா. "அவளுக்கு என் சில்லுன்னு கை ரொம்பப் பிடிக்கும்க்கா. காய்ச்சல் வந்தா, நான் ஷிப்டு முடிஞ்சு வந்து நெத்தியில கையை வைக்கிற வரைக்கும் சிணுங்கிட்டே இருப்பா, வச்சதும் தூங்கிருவா"ன்னா.

முதல் நாள் அஞ்சு நிமிஷம், தூள் ஐஸைத் துணியில கட்டி அவ கன்னத்துல வச்சு எடுத்து, கேமரா முன்னாடி கொண்டாந்து நிறுத்தினோம். மாதாவே, அதைப் பாக்கணும் நீங்க! கன்னம் முழுக்கக் கருநீலமாப் போயி, நடுவுல கை மட்டும் பளிச்சுன்னு, அஞ்சு விரலும் தனித்தனியா, விரலுக்கு நடுவுல இருக்கிற கோடு கூடத் தெரிஞ்சுது. வாசல்ல நின்ன எல்லாரும் கை தட்டினோம். அருள்மணி அக்கா என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அமலி சிரிச்சா. பிள்ளை செத்த பிறகு அன்னைக்குத்தான் அவ பல்லைப் பாத்தேன்.

அப்புறம் தினமும் மத்தியானம் அதுதான் எங்க வேலை. சோத்து நேரத்துல அமலியை நடுவுல உக்கார வச்சு, முறை போட்டு, ஒருத்தி மாத்தி ஒருத்தி ஐஸைப் பிடிச்சோம், கை மரத்துப் போனா அடுத்தவ வாங்கிக்கிடுவா, பேச்சு இல்ல, சிலர் ஜெபமாலை சொன்னாவ, பாத்திமா மட்டும் அவ ஓதுறதை ஓதினா, கன்னத்துல இருந்து தண்ணி வழிஞ்சு அமலி ஜாக்கெட்டெல்லாம் நனைஞ்சு, பல்லு கிட்டிக்கிட்டு, உதடு நீலமாகி, "போதுமாட்டி?"ன்னு கேட்டா, "இன்னும் கொஞ்சம்"னு சொல்லுவா. அஞ்சு நிமிஷம் பத்தாச்சு, பத்து இருபதாச்சு.

சூடு இன்னும் வேகமா இறங்கிச்சு. முப்பத்தெட்டு புள்ளி அஞ்சு. முப்பத்தெட்டு. ஏழாம் நாள் முப்பத்தேழு புள்ளி நாலு, கேமரா கத்தலை. அது கத்தாம இருந்த முதல் நாள் அது. ஐஸ் பத்தலைன்னு நெனச்சு இன்னும் அள்ளிக் கட்டினோம். எட்டாம் நாள் முப்பத்தேழு. ஆனா ஒண்ணு, கை தளர்ந்து போகலை. அதுதான் எங்களை ஏமாத்திட்டு. விரல் முன்னை விட நல்லா அசைஞ்சுது, விரிஞ்சு மடங்கிச்சு, ஒருக்க அமலி கன்னத்தைத் தட்டிக்கூடக் கொடுத்துச்சு. "பாத்தியாட்டி, பிடிச்சுக்கிடுச்சு, ஐஸ் வேலை செய்யுது"ன்னு அருள்மணி அக்கா சொன்னா. அன்னைக்கு அமலி டிபன் பாக்ஸைக் காலி பண்ணினா.

மறுநாள், எட்டு நாள் ஐஸ் ஏறின பிறகு, காலையில ஏழு மணிக்கு அமலி வந்து ஸ்டூல்ல உக்காந்தா. அருள்மணி அக்காவும் இன்னும் நாலஞ்சு பேரும் சுத்தி நின்னாவ. கை இருந்துச்சு. முப்பத்தாறு புள்ளி ஆறு. நாங்க பாத்துக்கிட்டே இருக்கும்போது, முதல்ல சுண்டுவிரல் எழும்பிச்சு, அப்புறம் மத்த விரல், அப்புறம் உள்ளங்கை, கடைசியா அந்த உதட்டோரத்துப் பெருவிரல். பறிக்கலை, உதறலை. தெருவுல மத்தப் பிள்ளைக சத்தம் கேட்டா மடியில இருக்கிற பிள்ளை இறங்கிப் போகுமே, அப்படி. கன்னம் வெறும் கன்னமாயிட்டு. மிஷினு பச்சையா எரிஞ்சுது.

ஒருத்தி, "ஐஸ் கொண்டாங்கட்டி, ஐஸ் கொண்டாங்க"ன்னு அழுதா. நான் லென்ஸைத் துடைச்சேன், கறுப்புப் பெட்டியைத் துடைச்சேன், ஸ்கிரீனை அணைச்சுத் திரும்பப் போட்டேன், அமலியை இந்தப் பக்கம் திருப்பி அந்தப் பக்கம் திருப்பிப் பாத்தேன், கழுத்து, காது, நெத்தி எல்லாம் தேடினேன், எல்லாம் ஒரே மஞ்சள்.

"கடைசியா எவ்வளவுக்கா இருந்துச்சு?"ன்னு அமலி கேட்டா.

"முப்பத்தாறு புள்ளி ஆறு."

"காய்ச்சல் விட்டுட்டு, என்ன?"

அருள்மணி அக்கா முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டா.

"காய்ச்சல் இருந்தாத்தான் அவ என்னைப் பிடிச்சுக்கிட்டே இருப்பா. விட்டுட்டுன்னா இறங்கி ஓடிருவா, ஒரு நிமிஷம் மடியில தங்க மாட்டா,"ன்னு அமலி சொன்னா. குரல்ல ஒரு கோபம் இல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பத்திச் சொல்லுற மாதிரி சொன்னா. "பாத்தியாக்கா, கொஞ்சம் ஐஸு. பக்கத்துல உக்காந்து கொஞ்சம் சில்லுன்னு கையை வச்சுக்கிட்டே இருந்திருந்தா அன்னைக்கே விட்டிருக்கும். இவ்வளவுதான் வேண்டியிருந்திருக்கு."

எனக்குத் தாங்கலை. மேசையைச் சுத்தி ஓடிப் போயி அவ ரெண்டு கையையும் பிடிச்சேன், ஐஸ் மாதிரி இருந்துச்சு அந்தக் கை. "என்னைத் திட்டிரு அமலி. ஒரு வார்த்தை திட்டு. செருப்பைக் கழத்தி அடி, நான் வாங்கிக்கிடுதேன். இப்படி நிக்காத தாயி, என்னைத் திட்டிட்டு வீட்டுக்குப் போ"ன்னு அழுதேன்.

அவ என் கையில இருந்து தன் கையை மெதுவா உருவிக்கிட்டா. ஸ்டூலை எடுத்து சுவத்தோரம் போட்டா. தலைமுடி வெளிய தெரியாம தொப்பியை இழுத்து மாட்டினா.

"பச்சை எரியுதுல்லாக்கா,"ன்னா. "உள்ள போகத்தானே வேணும்."

சொல்லிட்டு உள்ள போயிட்டா.